நூலகத் திறவுகோல் எவர் கையில்?

1948-ஆம் ஆண்டில் சென்னை மாநில அரசு இரண்டு வினைகளைச் செய்தது. ஒன்று, பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. விடுதலைக்குப் பின் இந்திய ஒன்றியத்து மாநிலங்களில் முதன்முதல் எழுந்த நூலகச் சட்டம் அதுவே. அன்றைய முதலமைச்சர் ஓமந்தூரார், கல்வியமைச்சர் அவினாசிலிங்கனார், சட்டத்துக்குக் கருவும் உருவும் கொடுக்கப் பல்லாண்டு பாடுபட்டவர் சீர்காழி இரா. அரங்கநாதன். ஏழையும் செல்வனும், ஆணும் பெண்ணும், எக்குலத்தாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து காசின்றிப் படிக்கலாம் என்று அச்சட்டம் கதவைத் திறந்து வைத்தது. மற்றொரு வினை, புலவர் குழந்தை இயற்றிய இராவண காவியத்துக்குத் தடை விதித்தது. ஆண்டும் அதுவே, அரசும் அதுவே. ஒரு கையால் நூலகத்தைத் திறந்து, மறு கையால் நூலைப் பூட்டிய இவ்வருஞ்செயலைத் தமிழகம் இன்றுவரை சேர்த்து வைத்து எண்ணிப் பார்த்ததில்லை.

தடைக்கு உள்ளான அந்நூல் எத்தகையது? 1946-இல் வெளிவந்தது. 5 காண்டங்கள், 57 படலங்கள், 3100 பாடல்கள். வடவர் அரக்கன் என்று இழித்துரைத்த இராவணனைத் தமிழ் வேந்தனாக நிறுத்திப் பாடிய பெருநூல். சொல்லில் தூய்மையும் யாப்பில் செம்மையும் உடையது. (பெயரில் மட்டும் 'காவியம்' என்னும் வடசொல் ஒட்டிக்கொண்டது, அது புலவரின் பிழையோ காலத்தின் பிழையோ, இருக்கட்டும்.) அந்நூல் எவரையும் கொல்லச் சொல்லவில்லை, எவர் வீட்டையும் கொளுத்தச் சொல்லவில்லை. பழங்கதை ஒன்றைத் தமிழன் கண்ணால் பார்க்கச் சொன்னது. அதுவே குற்றமாயிற்று. தடை நீங்கியது 1971-இல். 23 ஆண்டுகள்! தடை விதித்த ஆண்டில் பள்ளிக்குப் போன 5 அகவைச் சிறுவன், தடை நீங்கியபோது 28 அகவை இளைஞன். படிக்க வேண்டிய அகவை முழுவதையும் அந்நூல் இன்றியே அவன் கழித்துவிட்டான். நூலை யாத்த புலவரோ தடை நீங்கிய மறு ஆண்டே, 1972-இல், மறைந்தார்.

தடை என்றதும் எல்லாரும் நூலாசிரியனையே நினைக்கின்றனர். அவன் சிறை புகுந்தானா, தண்டம் கட்டினானா, படிகள் பறிக்கப்பட்டனவா என்று கேட்கின்றனர். படிப்பவனை எவரும் நினைப்பதில்லை. எழுதும் உரிமை ஒருவனுடையது. படிக்கும் உரிமை ஒரு நாட்டு மக்கள் அனைவருடையது. பணம் உள்ளவன் தடை செய்த நூலையும் எங்கிருந்தேனும் வாங்கிப் படித்துவிடுவான். உழவனின் மகனுக்கும் நெசவாளியின் மகளுக்கும் பொது நூலகத்தை விட்டால் வேறு புகல் ஏது? நூலகத்து அடுக்கில் ஒரு நூல் இல்லையென்றால், அவர்களைப் பொறுத்தவரை அந்நூல் உலகத்திலேயே இல்லை. எனவே, படிப்புரிமையைப் பற்றிப் பேசுகிறவர் எவராயினும் நூலகத்தின் திறவுகோல் எவர் கையில் இருக்கிறது என்பதையே முதலில் கேட்டல் வேண்டும்.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு என்ன விடை வைத்தது? மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு. வீட்டுவரியோடு சேர்த்துத் தண்டும் நூலக வரி. இன்று அவ்வரி உருபாவுக்கு 10 காசு. ஆக, நூலகம் அரசு இடும் பிச்சை அன்று. வீட்டுவரி கட்டும் ஒவ்வொரு தமிழனும் தன் கையால் கொடுத்து நடத்தும் அறச்சாலை. அவ்வாறாயின் அதன் தலைமை எவரிடம் இருந்திருக்க வேண்டும்? நூலறிந்தவரிடம், மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவரிடம் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ கல்வித்துறை இயக்குநரிடம். பள்ளிகளைப் பார்ப்பது அவர் தொழில். நூலகம் அவர் மேசை மூலையில் கிடந்த இன்னொரு கோப்பு. 1972-இல்தான் பொது நூலகங்களுக்கெனத் தனி இயக்ககம் வந்தது. அதாவது, இராவண காவியம் தடையில் கிடந்த காலத்தில், சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் முதல் தடை நீங்கிய நாள் வரை, தமிழக நூலகங்களுக்கு நூலகர் ஒருவர் தலைமை தாங்கவே இல்லை. அரசு ஆணையிடும்; துறைத் தலைவர் தலையசைப்பார்; நூலகம் வாய் மூடும். தனி இயக்ககம் வந்த பின்னும் அந்த இருக்கையில் பெரும்பாலும் அமர்ந்தவர்கள் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து வந்தவர்களும், கூடுதல் பொறுப்பாக ஏற்றவர்களுமே. மருத்துவமனைக்கு மருத்துவர் தலைமை வேண்டும் என்பதை மறுப்பார் இலர். நூலகத்துக்கு மட்டும் எவரும் போதும்!

அரங்கநாதன் தனித்தமிழ்ப் பற்றாளர் அல்லர். அவர்தம் பெருநூல்கள் பலவும் ஆங்கிலத்தில் எழுந்தவை. ஆயினும் உள்ளதை உள்ளவாறு சொல்லுவதே தமிழர் முறை. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று 20 ஆண்டுகள் உழைத்த அம்மாந்தர், 1931-இல் நூலகத்துக்கு ஐந்து நெறிகளை வகுத்தார். நூல் பயன்படுவதற்கே என்பது முதல் நெறி. படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாம் நெறி. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய படிப்பாளர் கிடைத்தல் வேண்டும் என்பது மூன்றாம் நெறி. இம்மூன்றையும் ஏற்றுக்கொண்ட நூலகத்தில் தடைக்கு இடமே இல்லை. இராவண காவியத்துக்குரிய படிப்பாளன் வெளியே நிற்க, அவனுக்குரிய நூல் பூட்டினுள் கிடந்தால் அங்கே மூன்று நெறிகளும் ஒருங்கே கொலையுண்டன என்பதே பொருள். உலகமெங்கும் நூலகவியல் மாணவர் மனப்பாடம் செய்யும் இந்நெறிகளைச் சீர்காழியில் பிறந்த ஒருவர் வகுத்தார். அவர் மண்ணிலேயே அவை சுவரில் தொங்கும் பலகையோடு நின்றுவிட்டன.

அயல்நாட்டில் ஒரு நூலகத் தலைவி நடந்துகொண்ட வகையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1939-இல் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் கெர்ன் என்னும் மாவட்டம். பிழைப்பைத் தேடி வந்த உழவர்களின் துன்பத்தைச் சித்திரித்து சான் சுடைன்பெக் எழுதிய புதினம் அப்போதுதான் வெளிவந்தது. மாவட்ட ஆட்சிக் குழு, எங்கள் ஊரை இழிவுபடுத்துகிறது என்று 4-க்கு 1 என்னும் வாக்கில் அதனைப் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் விலக்கியது. குழுவுக்குப் பின்னால் நின்றவர்கள் பெருநிலக்கிழார்கள். மாவட்ட நூலகத் தலைவியாக இருந்தவர் கிரெட்சன் நீப் என்னும் அம்மையார். அவருக்குச் சம்பளம் கொடுப்பதே அக்குழுதான். ஆயினும் அவர் வாய் மூடவில்லை. தடையை விலக்கிக்கொள்ளுமாறு குழுவுக்கே மடல் எழுதினார். இன்று ஒரு நூல், நாளை எந்த நூல் என்பதே அவர் வினாவின் சாரம். குழு அன்று இணங்கவில்லை. தடை 1941-ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை நீடித்தது. ஆனால் நூலகத்தின் பெயரால் ஒருவர் எழுத்தில் மறுத்தார் என்பது வரலாற்றில் நின்றுவிட்டது. அதே 1939-இல் அமெரிக்க நூலகக் கழகம் நூலக உரிமைச் சாற்றுரை ஒன்றை வெளியிட்டது. எழுதியவரின் இனமோ நாடோ கருத்தோ கரணியமாக ஒரு நூலை விலக்கலாகாது என்பது அதன் அடிப்படை. அந்நாட்டின் வல்லாண்மையை வெறுப்பதற்கு ஆயிரம் கரணியங்கள் உள. இதனை மட்டும் அவர்களிடம் கற்றுக்கொள்வதில் இழிவொன்றும் இல்லை.

தமிழகத்தில் அத்தகைய மடல் ஒன்று எழுதப்பட வேண்டிய நாள் 2011-இல் வந்தது. 2010-இல் அண்ணா பிறந்த நாளன்று சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. ஒன்பது மாடி, கண்ணொளி இழந்தார்க்கும் சிறார்க்கும் தனிப் பகுதிகள், பல இலக்கம் நூல்கள். ஆட்சி மாறிற்று. 2011 நவம்பரில், அக்கட்டடம் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்படும் என்றும், நூலகம் நுங்கம்பாக்கத்துக்கு இடம் பெயரும் என்றும் செயலலிதா அரசு அறிவித்தது. குழந்தைக்கு மருத்துவம் வேண்டாம் என்று எவன் சொல்லுவான்? அந்த வாய்ப்பூட்டை எண்ணித்தான் மருத்துவமனையைக் காட்டினர். மருத்துவமனைக்குச் சென்னையில் வேறு நிலமே இல்லை போலும்! முன்னவர் கட்டியது என்பதைத் தவிர அந்நூலகம் செய்த குற்றம் வேறில்லை. ஓரிரு நாளில் சென்னை உயர் அறமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் பொதுமக்கள். குரல் எழுப்பியவர்கள் மாணவரும் எழுத்தாளரும். நூலகத்துறைத் தலைமையிலிருந்து மறுப்புக் குரல் எழவில்லை. எழ முடியாது, அவ்விருக்கை அரசு அமர்த்துவது, அரசு எழுப்புவது. தடைக்குப் பின்னும் அந்நூலகம் ஆண்டுக் கணக்கில் சீராகப் பேணப்படாமல் கிடந்தது. அதனைப் பேணச் சொல்லவும் அறமன்றமே திரும்பத் திரும்பத் தலையிட வேண்டியதாயிற்று. நூலை வாங்காமல் விடுவதும், விளக்கை எரியாமல் விடுவதும், ஆளை அமர்த்தாமல் விடுவதும் தடையின் வேறு பெயர்கள். அவற்றுக்கு அரசாணை கூட வேண்டியதில்லை.

இனி, ஈழத்துக்கு வருவோர் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வருதல் வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எந்த அரசும் தொடங்கவில்லை. க. மு. செல்லப்பா என்னும் தனியொருவர் 1933-இல் தம் வீட்டிலேயே நூல்களை வைத்துப் பிறர்க்கு வழங்கத் தொடங்கினார். 1934-இல் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு அது பொது நூலகமாயிற்று. ஊர் மக்கள் காசு திரட்டினர். புதுக் கட்டடத்துக்கு அறிவுரை சொன்னவர் அதே அரங்கநாதன். வரைபடம் வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். 1959-இல் கட்டடம் திறக்கப்பட்டது. ஆக, சீர்காழித் தமிழரின் அறிவும் யாழ்ப்பாணத் தமிழரின் உழைப்பும் சேர்ந்து எழுப்பிய கோயில் அது. 1981-இல் அங்கிருந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றோடு ஓலைச் சுவடிகள், பழைய இதழ்த் தொகுதிகள். மாவட்ட வளர்ச்சி மன்றத் தேர்தலுக்குச் சில நாள்களே இருந்தன. சிங்கள அமைச்சர் இருவர் அந்நகரிலேயே தங்கியிருந்தனர். மே 31-ஆம் நாள் இரவு தொடங்கிய வெறியாட்டில், அமைதி காக்க அனுப்பப்பட்ட காவற்படையினரே நூலகத்துக்குத் தீ மூட்டினர். வானளாவிய தீயைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சியால் வீழ்ந்து உயிர் துறந்தார்.

படைகொண்டு வருகிறவன் முதலில் நூலகத்தைத் தேடுவது ஏன்? அங்கேதான் ஓரினத்தின் உரிமைப் பட்டயம் இருக்கிறது. மண் தன்னுடையது என்பதற்குத் தமிழன் காட்டும் சான்று அந்த அடுக்குகளில் இருந்தது. கட்டடத்தை மீண்டும் எழுப்பி வெள்ளையடித்து 2003-ஐ அடுத்துத் திறந்துவிட்டார்கள். எரிந்த சுவடியை எவன் எழுப்புவான்? யாழ்ப்பாணத்தின் தீயை நினைத்துத் தமிழகம் ஆண்டுதோறும் கண்ணீர் விடுகிறது, விடட்டும். ஆனால் அந்தத் தீ கண்ணுக்குத் தெரிந்த தீ. கோப்பில் எழுதி நூலைப் பூட்டும் தீ கண்ணுக்குத் தெரிவதில்லை, புகை எழுவதில்லை, அதை மூட்டுகிறவன் தமிழ்ப் பெயர் தாங்கித் தமிழ் நாட்டிலேயே சம்பளம் வாங்குகிறான்.

இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பர்க்கும் சில சொல்லியாக வேண்டும். கசந்தாலும் சொல்லியாக வேண்டும். ஆரியப் புளுகு நிறைந்த நூல்களையும், மணிப்பிரவாளச் சேற்றில் புரளும் கிழமை இதழ்களையும் நூலகங்களிலிருந்து அகற்ற வேண்டும் என்னும் குரல் இயக்கக் கூட்டங்களில் அவ்வப்போது எழுகிறது. கையொலியும் கிடைக்கிறது. அக்குரல் எழுப்புவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அகற்றும் உரிமையை ஆட்சியாளன் கையில் கொடுத்தால், அவன் முதலில் அகற்றப் போவது தனித்தமிழ் நூல்களையே. 1948-இல் அகற்றியது எதை? 1969-இல் உத்தரப் பிரதேச அரசு தடை செய்தது எதை? பெரியாரின் இராமாயண ஆராய்ச்சியை இந்தியில் பெயர்த்த நூலை. இலலாய் சிங் என்னும் பதிப்பாளர் அலகாபாத்து மன்றத்திலும், பின்னர்த் தில்லி உச்ச மன்றத்திலும் போராடி 1976-இல் வென்றார். வாள் எவன் கையில் இருக்கிறதோ அவன் பக்கமே அது வெட்டும். சிறுபான்மையாய் நிற்கும் இயக்கத்தார் அந்த வாளைக் கூர் தீட்டிக் கொடுப்பது தற்கொலை.

மறைமலையடிகள் எவ்வாறு வாழ்ந்தார்? 1916-இல் தனித்தமிழ்க் கொடியை உயர்த்திய அப்பெருமகன் வடமொழியைக் கற்காமலா அதனை மறுத்தார்? காளிதாசனின் சாகுந்தலத்தை 1907-இலேயே தமிழில் தந்தவர் அவர். கற்றார், பெயர்த்தார், பின் ஆராய்ந்து பிரித்தார். அவர் திரட்டிய ஏறத்தாழ 4000 நூல்களில் தமிழ், ஆங்கிலம், வடமொழி மூன்றும் இருந்தன. அந்நூல்களை அவர் தமிழ் மக்களுக்கே விட்டுச் சென்றார். 1958-இல் சென்னையில் அவை அவர் பெயரால் பொது நூலகமாயின. எதிரியின் நூலைப் படியாதவன் எதிரியை வென்றதில்லை. வடசொல் எது, தென்சொல் எது என்று பிரிப்பதற்கே இரு மொழி நூலும் வேண்டும். பாவாணர் போன்ற சொல்லாராய்ச்சியாளர்க்கு எத்தனை மொழி அகரமுதலிகள் தேவைப்பட்டன! அவற்றை நூலகத்திலிருந்து விலக்கியிருந்தால் தமிழின் தொன்மையை எதைக்கொண்டு நிறுவுவது?

1943-இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டும் என்று கிளர்ச்சி எழுந்தது உண்மை. ஆனால் அன்று நடந்தது என்ன? அண்ணா மேடையேறினார், எதிரே சேதுப்பிள்ளையும், பின்னர்ச் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் நின்றனர். சொல்லுக்குச் சொல், சான்றுக்குச் சான்று. மக்கள் இருபக்கமும் கேட்டனர். அச்சொற்போர் நூலாகவும் வந்தது. கம்பனும் ஒழியவில்லை, அண்ணாவின் வாதமும் ஒழியவில்லை. இன்று படிக்கிறவன் இரண்டையும் அருகருகே வைத்துத் தானே தீர்ப்புச் சொல்லலாம். தமிழர்க்குரிய முறை அது. பட்டிமண்டபம் கண்ட இனத்துக்கு ஒட்டிய முறை அது.

பெருமாள் முருகனுக்கு நேர்ந்ததை மறக்கலாகாது. 2010-இல் வெளிவந்த மாதொருபாகன் என்னும் புதினத்தை எதிர்த்து, நான்காண்டு கழித்துத் திருச்செங்கோட்டில் கூட்டம் திரட்டினர். 2015 சனவரியில் நாமக்கல்லில் அரசு அலுவலர் முன்னிலையில் அவரிடம் மன்னிப்பும், நூலைத் திரும்பப் பெறும் உறுதியும் எழுதி வாங்கப்பட்டன. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 சூலையில் உயர் அறமன்றம் அவ்வொப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்த்தது. பிடிக்காத நூலைப் படியாமல் விடலாம் என்பதே அதன் கருத்து. அப்புதினத்தின் கருத்தும் நடையும் தனித்தமிழார்க்கு உவப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நூலைச் சாதிக் கூட்டம் தெருவில் தீர்ப்பிடவும், அரசு அலுவலர் அதற்கு நடுவராய் அமரவும் இடங்கொடுத்தால், நாளை அதே மேசைக்குத் தென்மொழி எழுத்தாளனையும் அழைப்பார்கள் என்பதே செய்தி.

ஒரு நூலை வாங்கச் சொல்லுவது படிப்பவனின் உரிமை. அதனை ஓயாமல் கேட்க வேண்டும். தனித்தமிழ் நூல்கள் ஏன் வாங்கப்படவில்லை என்று ஒவ்வோராண்டும் கேட்க வேண்டும். இருக்கும் நூலை அகற்றச் சொல்லுவது எவர்க்கும் உரிமை அன்று. நூல் வாங்குவதற்கு 2024-இல் இணையவழி முறையொன்றை அரசு கொண்டுவந்தது. நெடுங்காலம் கமுக்கமாய் நடந்த வாணிகத்துக்கு அது ஓரளவு வெளிச்சம். ஆனால் தலைமை மாறாமல் முறை மட்டும் மாறினால் என்ன பயன்? ஆணைக்குழுத் தலைவர் இருக்கை பெரும்பாலும் ஆளுங்கட்சியார்க்கு இடும் பரிசாகிவிட்டது. வரி தண்டும் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் நூலகத்துக்குரிய பங்கை உரிய காலத்தில் கொடுப்பதில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 4,600 பொது நூலகங்கள் உள; அவற்றில் ஊர்ப்புற நூலகங்களைக் காக்கும் நூலகர்கள் முறையான ஊதியத்துக்காக ஆண்டுக் கணக்கில் போராடியவர்கள். வயிறு காயும் நூலகனிடம், கட்சிக்காரன் வந்து மிரட்டும்போது நெஞ்சுயர்த்தி நில் என்று சொல்லுவது எவ்வாறு? மேலே நிற்பவர் நின்றாலன்றோ கீழே நிற்பவர் நிற்பார்!

ஆகவே சட்டம் திருத்தப்படல் வேண்டும். பொது நூலக இயக்குநர் நூலகவியல் கற்று நூலகத்திலேயே பணியாற்றித் தேர்ந்தவராய் இருத்தல் வேண்டும். குறித்த ஆண்டுகளுக்கு அவரை எவரும் அசைக்க இயலாத காப்பும் வேண்டும். அறமன்றத் தீர்ப்பு இன்றி எந்த நூலும் அடுக்கிலிருந்து இறக்கப்படலாகாது. தொலைபேசியில் வரும் வாய்மொழி ஆணைக்கு நூலகர் பணிய வேண்டியதில்லை என்று விதியிலேயே எழுதப்படல் வேண்டும். அகற்றக் கோரி எவர் எழுதினாலும் அம்மடல் நூலக வாயிலில் ஒட்டப்படல் வேண்டும். கேட்டவன் பெயரை ஊர் அறியட்டும். தண்டிய வரி முழுவதும் நூலகக் கணக்குக்கே போதல் வேண்டும். ஆணைக்குழுவில் வரி கட்டும் படிப்பாளர்க்கு இடம் வேண்டும்.

அதுவரை இயக்கத்தார் செய்யத்தக்க பணி ஒன்று கையருகிலேயே உளது. அவரவர் ஊர்க் கிளை நூலகத்துக்குச் சென்று இராவண காவியம் இருக்கிறதா என்று கேட்டல் வேண்டும். இல்லையென்றால் வேண்டுகையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி, ஒரு படியை மாவட்ட ஆணைக்குழுவுக்கு அனுப்புதல் வேண்டும். நூல் வந்ததும் அதனைக் கம்பராமாயணம் நிற்கும் அதே அடுக்கில் வைக்கச் சொல்லுதல் வேண்டும்.